கண்ணாடி எல்லையில் ஓர் எதிரி

ஒரு வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் சன்னலுக்கும் நடுவே, ஒரு மீன்தொட்டிக்குள் தெளிநீர் நாடு இருந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி எல்லை. காலையில் வெயில் பச்சையாக இறங்கும், பாசி மெல்ல அசையும். கெண்டைக் குடிமக்கள் பாதித் தூக்கத்தில் நீந்தி, பாதித் தூக்கத்தில் வாக்களித்துச் சுகமாக இருந்தார்கள்.

அப்போது ஆண்டது ஒரு தங்கமீன். சோம்பேறி என்பதைத் தவிர அவர்மேல் பெரிய குற்றம் கிடையாது. ஆனாலும் அமைச்சர் கெளுத்தியார் ஒருநாள் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அவரு வெளிநாட்டுக்காரருங்க. நம்ம ஆத்துல பொறந்த ஒருத்தர் ஆள வேணாமா?" கேட்டதும் எல்லோருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரமே வீட்டுக்காரர் ஆற்றிலிருந்து ஒரு வாளைக்குட்டியை வாளியில் கொண்டுவந்து விட்டார். உள்ளங்கை நீளம்தான், வாய் மட்டும் காதுவரை. சிரிக்கிறார் என்று நினைத்து ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். சில நாளில் தங்கமீனைக் காணோம். தாய்நாடு திரும்பிவிட்டதாக அரசு அறிவித்தது.

ஒரு மாலை கூடம் இருண்டு, தொட்டி விளக்கு எரிந்தபோது புது அரசர் எல்லைப் பக்கம் போனார். கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு வாளை! அரசர் வாயைத் திறந்தார், அதுவும் திறந்தது. அரசர் முட்டினார், அதுவும் முட்டியது. நாடே கலங்கிப்போயிற்று.

"எதிரி வந்துட்டான்! இனி வீட்டுக்கு ஒரு புள்ள படையில சேரணும்," என்றார் கெளுத்தியார். படை முகாம் அரசரின் வாய்க்குள் இருந்தது. போனவர் யாரும் திரும்பவில்லை. போர் கடுமை போலும் என்று ஊர் பெருமைப்பட்டது. அரசர் வளர்ந்தார். என்ன அநியாயம், எதிரியும் அதே அளவு வளர்ந்தான்! ஆகவே வீட்டுக்கு இரண்டு பிள்ளை என்று ஆணை வந்தது. அரசர் திரும்பக்கூட இடமில்லாதபோது, குடிமக்கள் படுத்த வாக்கில் நீந்தி இடத்தை அடைக்கிறார்கள், இனிமேல் தலை மேலே, வால் கீழே என்று நிமிர்ந்துதான் நீந்த வேண்டும் என்று இன்னோர் ஆணை வந்தது. நீந்தினார்கள். முதுகு வலித்தது, அதற்குத் தேசபக்தி என்று பெயர் வைத்தார்கள்.

வெள்ளாயி என்ற கெண்டைக்கு மிஞ்சியது ஒரே மகள். வாலருகே கறுப்புப் புள்ளி உண்டு, அதனால் பொட்டு என்று பெயர். மறுநாள் அவள் முறை. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? விளக்கு எரிந்ததும் மகளை இழுத்துக்கொண்டு எல்லைக்கே போய், "சாமி, எம்புள்ளைய மட்டும் விட்டுருங்க," என்று எதிரியிடம் கெஞ்சினாள். அந்தப் பக்கமும் ஒரு கெண்டை கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலும் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு பெண்.

வெள்ளாயிக்குச் சட்டென்று விளங்கியது. "எல்லாரும் ஓடியாங்க! அது எதிரியே இல்ல, நம்ம ராஜாதான்! பாருங்க, அங்க நிக்கிறதும் நாமதான்!"

ஊர் முழுக்கக் கூடி நின்று பார்த்தது. பிறகு ஒரு கிழக் கெண்டை அலறினார்: "ஐயையோ, அவனுக்கு இம்புட்டு சனமா!"

"பாத்தீங்கல்ல? எல்லாரும் எப்படி நிமிந்து நிக்கிறாங்க! கட்டுப்பாடுன்னா அது," என்றார் கெளுத்தியார். "நாளை வரைக்கும் பொறுக்க முடியாது. இன்னைக்கே ஆள் அனுப்பணும்."

பொட்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தப் புள்ள கெளம்பி நிக்குது பாரு. நான் மட்டும் ஒளிஞ்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"அது நீதான்டி, எங்கண்ணு!" என்று வெள்ளாயி கதறினாள். 'வாழ்க' கோஷத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பொட்டு போய்விட்டாள்.

மறுநாள் மாலை விளக்கு எரிந்தது. அரசர் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தார். எதிரியும் வளர்ந்திருந்தான்.