திரை தெரியுதா அக்கா?

குவைத்தில் வேலை பார்க்கும் மகள் டெல்சியின் முகம் பார்க்காமல் மதலேனாள் ஏங்கிக் கிடந்த மழைக்காலத்தில், சந்தவாசலிலிருந்து நெல்லிவாசல் ஏறிவந்து, சிக்னல் கிடைக்கும் மேட்டில் அக்காவுக்கும் போனுக்கும் குடை பிடித்து, தாயும் மகளும் அழுது முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நனைந்தவர் தம்பி ஜெபதுரை. ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும். லேப்டாப்பை மட்டும் கொடுக்காதிருக்கட்டும்.

ஏனென்றால் அவர் திரைகாட்டி. இந்த இனம் உங்களுக்கும் தெரியும். ஆன்லைன் கூட்டம் தொடங்கியதும் "திரை தெரியுதா?" என்பார், தெரிகிறது என்றால் நம்பாமல் ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக் கேட்பார், காட்டவேண்டியதை விட்டுவிட்டு கோழித்தீவன விலை, போன வருடத் தேர்பவனி, மாம்பழம் கடிக்கும் தன் படம் எல்லாம் காட்டுவார். மூடத்தான் மறப்பார். மூடினால் விரல் தேய்ந்துவிடுமா?

டெல்சியின் கல்யாணப் பத்திரிகையை எல்லாரும் ஒன்றாகப் பார்த்துத் திருத்த ஆன்லைனில் கூடியிருந்தார்கள். ஓசூரிலிருக்கும் சம்பந்தி சரி சொன்னால்தான் ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையை வாசிப்பார். சம்பந்தியோ சரி சொல்வதாயில்லை. தன் பக்கத்துப் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பார்த்த வேலை, வாங்கிய பட்டம் என்று சொல்லிக்கொண்டே போனார். ஜெபதுரை தட்டிக்கொண்டே போனார். பத்திரிகை மூன்றாம் பக்கம் தாண்டியது.

பொறுக்கமுடியாமல் ஜெபதுரை தன் மனைவிக்குத் தனியாக ஒரு செய்தி தட்டினார். திரை திறந்தே கிடந்தது. எழுத்து எழுத்தாக ஓசூரும் குவைத்தும் படித்தன: "சம்பந்தி வாய மூட மாட்டேன்றாரு. பந்தியிலயாவது மூடுவாரா?"

மேட்டில் நின்ற மதலேனாள் ஓலை போயிற்று என்றே நினைத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியின் மனைவிதான் முதலில் சிரித்தார். "முப்பது வருசமா நான் வாயால சொன்னேன், கேக்கல. இப்போ எழுத்துல வந்துட்ச்சி பாருங்க."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "பாயசம் நல்லாயிருந்தா மூடிக்கிறேங்க" என்றவர், பெரியப்பாக்களைத் தானே அழிக்கச் சொல்லி, பத்திரிகையை ஒரு பக்கமாக்கிச் சரி சொன்னார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் திரையை மூடிவிட்டீர்களா, நிச்சயமாகத் தெரியுமா? மதலேனாளும் கூட்டம் முடிந்துவிட்டது என்று நம்பித்தான் சத்தமாக ஜெபித்தாள்: மாதாவே, ஓலை தப்பியது, அந்த ஓசூர் வாயிலிருந்து என் பிள்ளையையும் காப்பாற்று.

பிரியும் நேரத்தில் ஜெபதுரை மெதுவாகச் சொன்னார்: "அக்கா, உன் மைக்கு தொறந்தே கீது. சம்பந்தி ஆமென் சொல்லட்டுமான்னு கேக்குறாரு."