குடும்பத்தோடு வரச்சொன்ன மழை மாஸ்டர்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். ஆசிரியரும் வாசகர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தப் பேச்சில் மட்டும் பிழை கிடையாது: மழை மாஸ்டரைப்போல் வாழ்நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே சந்தோஷமாக இருந்த மனிதர் ஒஸ்லோவில் இன்னொருவர் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த கையோடு, ரொம்மனில் எங்கள் தமிழ்க் கழகத்துக்கு உதைபந்து பழக்க வந்தவர் அவர். ஸ்கொட்லாந்துக்காரர். காலையில் பேக்கரிப் பாண் வான் ஓட்டுவார், மாலையில் எங்களை ஓட்டுவார். மழை பெய்கிறது, இன்றைக்கு விடுவோம் என்று கேட்டால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, "இது மழையில்லை" என்பார். அவர் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகும். பெயர் அப்படித்தான் வந்தது.

அவருடைய நொர்வேஜிய மொழி நொர்வேஜியருக்கு விளங்காது, எங்களுக்கு விளங்கும். எங்களுடையதும் அதே தரம்தான்.

நடுக்கள ஆட்டக்காரராக ஊர் ஊராக ஆடியவர். பதக்கம் ஒன்றும் இல்லை, தழும்புதான். கால்சட்டையை உயர்த்தி, "இது மீன்பிடி ஊர்க் கழகம், இது நிலக்கரி ஊர்க் கழகம்" என்று முழங்காலிலிருந்து கீழே வரலாறு சொல்லுவார். பயிற்சியாளரான பிறகும் அதே கதை. எந்தக் கழகமும் அவரை ஒரு பருவத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை. எங்களோடாவது அடுத்த பருவமும் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் எங்கள் கழகத் தலைவர் செல்வண்ணை சொல்லிவிட்டார்: "வெண்டால் டிவிஷன்லை நிப்பம். இல்லாட்டி நாங்கள் கீழை, மாஸ்டர் வீட்டை."

மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நான் கூச்சக்காரன், மாற்றுக் கோல்காப்பாளன். குறைவாகக் கதைப்பதால் என் பேச்சுத்தான் அவருக்கு நன்றாக விளங்குமாம்.

"அந்தோனி ஏன் றெஜிக்குப் பந்து கொடுப்பதில்லை?"

இருவரும் சகலன்மார். அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். அந்தோனி தன் மகனின் முதல்நன்மைச் சடங்குக்கு றெஜியை வீட்டுக்குப் போய் அழைக்காமல் போனில் சொல்லிவிட்டார். றெஜி போகவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை, பாஸும் இல்லை. நான் சொல்லி முடிக்க மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"அப்படியென்றால் நான் போய் அழைக்கிறேன்."

எதற்கு என்றேன். ஆட்டத்துக்கு என்றார்.

பழைய கோட்டுப் போட்டு, தட்டத்தில் வாழைப்பழச் சீப்பும் மிஞ்சின பன்னும் வைத்து, பாண் வானில் ஸ்டோவ்னரில் றெஜி வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க ஒரே தமிழ் வசனத்தைப் பழக்கினேன். றெஜி கதவைத் திறந்தார்.

"குடும்பத்தோடை கட்டாயம் வரவேணும்" என்று மாஸ்டர் தட்டத்தை நீட்டினார்.

"மாஸ்டர், நான்தானே விளையாடுறது" என்றார் றெஜி.

உள்ளேயிருந்து அவர் மனைவி: "பாத்தீங்களே, வெள்ளைக்காரன் வீடு தேடி வந்து சொல்லுறான். எங்கடை ஆக்கள் போனிலை சொல்லுறினம்."

பிறகு ட்வெய்ட்டாவில் அந்தோனி வீடு. அதே தட்டம், அதே வசனம். அந்தோனி தட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"றெஜியிட்டையும் போறியளோ?"

"ஓம்" என்றார் மாஸ்டர். அவருக்குத் தெரிந்த மற்றத் தமிழ் அதுதான்.

"அப்ப முதல் என்னட்டையோ வந்தனீங்கள்?"

"ஓம்."

அந்தோனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இரண்டு குடும்பமும் வந்தன. அதைக் கேள்விப்பட்டு மற்றக் குடும்பங்களும் வந்தன. குடை, பிளாஸ்க், ரோல்ஸ், தள்ளுவண்டியில் குழந்தைகள். எதிரணிக்காரர் ஏதோ கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரம் பந்து அந்தோனியின் காலில். வலப்பக்கம் றெஜி தனியே நிற்கிறார். அந்தோனி இடப்பக்கம் பார்க்கிறார், பின்னால் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார்.

எல்லைக் கோட்டில் அந்தோனியின் மனைவி கத்தினார்: "இஞ்சரப்பா, அங்கை அத்தான் நிக்கிறார், கண் தெரியேல்லையே?"

அந்தோனி கொடுத்தார். அளந்து வைத்ததுபோல் றெஜியின் காலடியில் போய் நின்றது. றெஜி அடித்தார். கம்பத்தில் பட்டு வெளியே போனது.

மாஸ்டருக்கு அதுவே கோல். மைதானத்துக்குள் ஓடி அந்தோனியைத் தூக்கிச் சுற்றினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்ட, அவரையும் கட்டிப்பிடித்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நாங்கள் கீழே இறங்கினோம்.

உடை மாற்றும் அறையில் செல்வண்ணை தொண்டையைச் செருமினார். "சொன்னது சொன்னதுதான்."

"மாஸ்டர் போனால் நாங்களும் போறம்" என்றார் அந்தோனி.

"ஓம், நாங்கள் ரெண்டு பேரும்" என்றார் றெஜி.

செல்வண்ணை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பேலையிருந்து ரெண்டு பேரும் 'நாங்கள்' ஆனனீங்கள்?" பிறகு என்னைப் பார்த்து, "போய்ச் சொல்லடாப்பா, நிக்கட்டாம்" என்றார்.

வெளியே மாஸ்டர் வானை ஸ்டார்ட் செய்துவிட்டு, புறப்படாமல் இருந்தார். கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன். திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். மூக்கைச் சிந்தினார். "செவ்வாய்க்கிழமை பயிற்சி. பிந்தாதே" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் அரை மணி நேரம் முந்தியே போனேன். அவர் அங்கே நின்றார்.

ரொம்மன், கார்த்திகை முதல் ஞாயிறு.