ஏழு நாளைக்கு மேல் எங்கேயும் தங்குவதில்லை

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பல் தேய்ப்பதற்கு முன்பே ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் எந்த ஊரிலும் ஏழு நாளைக்கு மேல் தங்குவதில்லை!

காரணம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஒரே ஆபீஸ். பதிவேட்டு அறையில் ஒரே மூலை. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மாற்றலாகி ஊர் ஊராகப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்ற இரும்பு பீரோவைக்கூட இரண்டு தடவை வெளியூர் அனுப்பினார்கள். என்னை மட்டும் யாரும் அசைக்கவில்லை. இந்த வயசுவரை நான் கடலில் கால் நனைத்ததில்லை என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். பீரோ நனைத்துவிட்டது.

ஆகவே ஒரு வீடு வாங்கினேன். சக்கரம் வைத்த வீடு. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற கேரவன். நீளம் பதின்மூன்று அடி, அகலம் ஆறரை. மூன்று கை மாறி வந்தது. உள்ளே ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, நிமிர்த்தினால் மேஜை, தாழ்த்தினால் படுக்கை. நான் திரும்ப வேண்டுமென்றால் என் மனைவி உட்கார வேண்டும். அவள் திரும்ப வேண்டுமென்றால் நான் வெளியே போக வேண்டும்.

"இனிமே இதுதான் நம்ம வீடு. இருக்கற வீட்டை மககிட்ட விட்டுடலாம். வாரத்துக்கு ஒரு ஊர். கடைசியில கடல்!" என்றேன்.

"சரிங்க" என்றாள் மனைவி.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் உடனே 'சரிங்க' சொன்னதில்லை. மின்விசிறியை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்பதற்கே எங்கள் வீட்டில் மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தை நடக்கும். ஆனால் ஜெயித்த மயக்கத்தில் இருப்பவனுக்கு எது உறைக்கும்?

கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஒரு லாரி எங்களைத் தாண்டியது. அவ்வளவுதான், பின்னால் வந்த கேரவன் நாய்க்குட்டி வாலாட்டுவது போல இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. காரும் கூடவே ஆடியது. வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். மனைவி கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"என்ன, பயமா?"

"சேச்சே. கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"பெரிய தூசிங்க."

சாயங்காலம் ஓர் ஊரின் ஓரத்தில், கேரவன்கள் நிறுத்துவதற்கென்றே இருந்த மைதானத்தில் இடம் பிடித்தோம். மரங்கள், குழாய்த் தண்ணீர், மின்சாரம் எல்லாம் உண்டு. ஏற்கெனவே ஆறு வண்டிகள் நின்றன. எதிர் வண்டிக்காரர் இருபது வருஷம் கப்பலில் சமையல் செய்தவர். எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிட்டார்கள். நாங்கள் வந்த பத்தாவது நிமிஷமே அவர் வீட்டம்மா என் மனைவிக்கு உயிர்த்தோழி ஆகிவிட்டாள்.

அன்று ராத்திரி மழை. கூரையில் எங்கோ ஓட்டை. மூக்கைக் குறி வைத்து ஒரு சொட்டு. தள்ளிப் படுத்தேன். சொட்டும் தள்ளி வந்தது.

காலையில் கூரை மேல் ஏறி, காற்றுப் போக்கியைச் சுற்றி இருந்த விரிசலை நானே அடைத்தேன். ஆபீஸில் காகிதத்தில் ஓட்டை போட்டிருக்கிறேனே தவிர, எதையும் அடைத்ததில்லை. மறுபடி மழை வந்தது. சொட்டு வரவில்லை.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். "நீங்களா செஞ்சீங்க?"

"வேற யாரு?"

"ஆபீஸ்ல உங்களை வீணடிச்சுட்டாங்கங்க."

முப்பத்தொரு வருஷமாக நான் காத்திருந்த பதவி உயர்வு அதுதான். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அதே நெஞ்சோடு "நாளைக்குக் கிளம்பலாம்" என்றேன்.

"கிளம்பலாம். ஆனா முட்டை உருளுதுங்க."

"என்ன உருளுது?"

"மேடையில முட்டையை வெச்சா வாசல் பக்கமா உருளுது. வண்டி சாஞ்சு நிக்குது. ஆம்லெட் போட்டா ஒரு பக்கம் மெத்தை, ஒரு பக்கம் காகிதம். ஊர் ஊராப் போறவங்க வண்டியை மட்டமா நிறுத்தக் கத்துக்க வேண்டாமா?"

நியாயம்தானே! கப்பல்காரரிடம் ரசமட்டம் வாங்கி வந்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு மூலைக்கும் கட்டை கொடுத்தேன். குமிழி நட்டநடுவில் வந்து நிற்க மூன்று நாளாயிற்று. முட்டை அசையவில்லை. மைதானமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"கிளம்பலாமா?"

"தாராளமா. ஆனா சக்கரம் ரெண்டும் சும்மா அந்தரத்துல தொங்குதே, வெயில்ல ரப்பர் வெடிச்சுடாது? நமக்குச் சக்கரம்தானேங்க உயிரு. கழட்டி உள்ள பத்திரமா வெச்சுடுங்க, கிளம்பற அன்னிக்கு மாட்டிக்கலாம்."

என்ன பொறுப்பு பாருங்கள்! கழற்றி உள்ளே வைத்தேன். கவனியுங்கள், இதுவரை அவள் ஒரு தடவையாவது 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறாளா? இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

உள்ளே வைத்த சக்கரம் காலை இடித்தது. மேஜையைத் தாழ்த்திப் படுத்தால் நடுவில் உள்ள விளிம்பு முதுகை இடித்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தபோது எனக்குள் மின்னல் அடித்தது. கட்டில்! நிரந்தரமான கட்டில். கீழே சக்கரம், அதற்கு முன்னால் இழுப்பறை, மேலே மெத்தை. பாரம் கீழே இருப்பதால் கட்டில் ஆடவும் ஆடாது.

கப்பல்காரர் ரம்பமும் உளியும் கொடுத்தார். பதினெட்டு நாள் வேலை. ஒவ்வொரு மூட்டையும் கொத்தி எடுத்துக் கோத்தேன். மரப்பசை ஊற்றினேன். அறுபத்து நாலு திருகாணி முடுக்கி, ஒவ்வொன்றின் தலையையும் மரக்குச்சி வைத்து மூடி, இருந்த இடம் தெரியாமல் இழைத்தேன்.

"யானையே ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. பிரிக்கவே முடியாது" என்றேன்.

"பிரிக்கவே முடியாதாங்க?"

"முடியவே முடியாது."

"நிச்சயமா?"

"வேணும்னா எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சந்தோஷமாக மெத்தை உறை தைக்கப் போனாள்.

மறுநாள் கப்பல்காரர் தம்பதி வந்து பார்த்தார்கள். கப்பல்காரர் கட்டிலைத் தட்டினார், தடவினார், கடைசியில் படுத்தே விட்டார். "சார், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு. அச்சு மாறக் கூடாது." அவர் வீட்டம்மா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி கூரையைப் பார்த்தாள். எனக்கு அப்போது இது பெரிதாகப் படவில்லை.

அப்புறம் அடுத்த வண்டி. அதற்கடுத்த வண்டி. காலை எழுந்தால் காதில் பென்சில். எனக்குக் 'கட்டில்காரர்' என்று பெயரே வந்துவிட்டது. இடையிடையே எங்கள் வாசலுக்கு இரண்டு படி, மேலே ஒரு பந்தல், மனைவியின் தையல் மெஷினுக்கு மடக்குப் பலகை. பொய் சொல்வானேன், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

ஒருநாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

"அதே ஊர்தாம்மா."

"அதே ஊர்னா?"

"போன தடவை சொன்னேனே, அந்த ஊரு."

"அதுக்கு முந்தின தடவையும் அந்த ஊர்தானேப்பா? அஞ்சு மாசம் ஆகுது!"

போனை வைத்தேன். ஏழு நாள் எங்கே, அஞ்சு மாசம் எங்கே! ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேனா? இப்படியே போனால் கடலைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவேன் போலிருந்தது.

"நாளைக்குக் காலையில கிளம்பறோம்!" என்று கத்தினேன்.

"சரிங்க" என்றாள்.

காலையில் பந்தலைப் பிரித்தேன். படியை எடுத்து உள்ளே வைத்தேன். காரைப் பின்னால் கொண்டுவந்து கொக்கியை மாட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது.

"என்னங்க, சக்கரம் மாட்டலையா?"

இறங்கினேன். உள்ளே போனேன். கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து இழுப்பறையை உருவிவிட்டு எட்டிப் பார்த்தேன். சக்கரம் தெரிந்தது. கை போனது. சக்கரம் வரவில்லை. கட்டிலை உடைத்தால்தான் வரும்.

"சுத்தியலை எடு!"

எடுத்துக் கொடுத்தாள். கையில் தயாராகவே வைத்திருந்தாள். "உடைங்க. எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை."

ஓங்கினேன். எந்த மூட்டில் அடிப்பது? தலைமாட்டு மூட்டு, இரண்டு நாள் உழைப்பு. கால்மாட்டு மூட்டில் ஒரு தலைமுடிகூட நுழையாது. சுத்தியலைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பெற்ற பிள்ளையை அடிக்க ஓங்கினால்கூட இறங்கிவிடும். இது இறங்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கை வலிக்குது."

டயர் கடைக்குப் போன் போட்டேன். வண்டியின் மாடலைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "அந்தச் சக்கரமெல்லாம் வர்றது நின்னு பல வருஷம் ஆச்சு சார். யாராவது அதே வண்டி வெச்சிருந்தா கேட்டுப் பாருங்க."

அதே வண்டி! கப்பல்காரருடையது அதே வண்டி. ஓடினேன்.

"கப்பல்காரரே, உங்க சக்கரம் ரெண்டும் கொஞ்ச நாளைக்குக் கடன் கொடுங்க!"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"என் சக்கரம் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே உள்ள தள்ளி, பசை ஊத்தி, ஆணி முடுக்கினீங்க? 'பிரிக்கவே முடியாது'ன்னு சொல்லிட்டு நீங்கதானே கட்டில் மேல ஏறிக் குதிச்சும் காட்டினீங்க?"

மைதானத்தைச் சுற்றிலும் பார்த்தேன். போன வாரம் வந்த வேறு மாடல் வண்டி ஒன்றைத் தவிர, ஏழு வண்டி. ஏழு கட்டில். பதினாலு சக்கரம். ஒரு ஊரே ஓட முடியாதபடி நான் ஒருவனே ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து காரின் மேல் சாய்ந்து நின்றேன். "நீ திட்டம் போட்டுத்தானே செஞ்சே?"

அவள் மழுப்பவில்லை. "ஆமாங்க. அன்னிக்கு வண்டி ஆடினப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. சொன்னா உங்க ஆசை உடைஞ்சுடுமேன்னு சொல்லலை. கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்னுதான் முட்டையை உருட்டினேன்."

"நீதான் உருட்டினியா?"

"லேசாத் தொட்டேன். அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் ஆபீஸ் விட்டு வர்ற முகத்தைப் பார்த்தவ நான். இந்த அஞ்சு மாசமா நீங்க மரத்தூளோட சிரிச்சுக்கிட்டே வர்றீங்க. அதை விட்டுட்டு எந்த ஊரைங்க பார்க்கணும்?"

எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. பெரிய தூசி.

"இருந்தாலும்..." என்றேன். "கடலு?"

"கடல் எங்க போயிடப் போகுது? பஸ்ஸுல போனா ஆறு மணி நேரம். பஸ் ஆடாதுல்ல? சனிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். ஒரு வாரம் தங்கிட்டு வரலாம்."

என் மனைவியைப் போல ஒருத்தி உலகத்தில் உண்டா? அப்படியே உருகிவிட்டேன். "எனக்குத் துண்டு ரெண்டு எடுத்து வை. முதல் நாளே இறங்கிடுவேன்!"

அவள் முகத்தில் ஒரு சங்கடம். "உங்களுக்கும் சேர்த்துத்தாங்க எடுக்க நினைச்சேன். ஆனா போன வாரம் வந்து இறங்கின புதுத் தம்பதிக்கு அடுத்த வெள்ளிக்குள்ள கட்டில் தர்றேன்னு நீங்க சத்தியம் பண்ணிட்டீங்களாமே! வாக்குக் கொடுத்தா மாற மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் கப்பல்காரர் வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

நான் குனிந்து காரின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"வருத்தப்படாதீங்க. வரும்போது பெரிசா ஒரு கடல் படம் வாங்கிட்டு வர்றேன். கட்டிலுக்கு எதிரே மாட்டிட்டா, படுத்துக்கிட்டே பார்க்கலாம்."

கோபத்தில் நான் என்னென்னவோ கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கேட்டது இதுதான்:

"நீளம் அகலம் என்னன்னு கடையில இருந்தே போன் பண்ணிடு. நீ வர்றதுக்குள்ள சட்டம் செஞ்சு வெச்சுடறேன்."