இரண்டும் 'க' தானே, அண்ணை

சிவமயம்

சென்ட் லோரன்ட், மொன்றியல்
11.08.1996

அன்புள்ள பெரியண்ணைக்கு,

தங்கச்சி குணேஸ்வரி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கு சுகம் என்று தொடங்குவதுதான் முறை, எழுதிவிட்டேன், நீங்கள் நம்பவேண்டாம். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை மன்றாடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய உறை கிடைத்தது. உள்ளே மூன்று சாமான் இருந்தன. உங்கள் கடிதம், அந்த மாநில ஆவணக் காப்பகக்காரரின் மறுமொழி, அவர்கள் தங்கள் பெருமையை அச்சடித்த புத்தகம், அந்தப் புத்தகத்துக்கு நீங்கள் பதினொரு பக்கத்தில் எழுதிய தமிழ். நாலு. நாலையும் வாசித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் வாசிப்பேன், அதுவும் கோபம் வந்தால் வேகமாக வாசிப்பேன்.

நான் கேட்டது என்ன அண்ணை? போன ஒக்ரோபரில் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த மனுசன் எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எல்லாரும் செத்தவரின் சரித்திரத்தைப் பாட்டும் படமுமாய்ப் புத்தகமாக்கிக் கல்வெட்டு அடிப்பார்கள், நான் அடிக்கவில்லை. ஏன்? நாலாம் பக்கம் வெறுமையாய் இருந்தது. என் மனுசன் கார்த்திகேசு கணேசலிங்கம் எண்பத்து நாலில் என்னை வயிற்றுப்பிள்ளையோடு விட்டுவிட்டு ஜேர்மனிக்குப் போனார், எண்பத்தேழில் கனடா வந்தார். நடுவில், இப்போது நீங்கள் குடியிருக்கிற ஊரின் அகதி முகாமில் இருந்த மூன்று வருடத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. ஒரு அறையில் ஆறு பேர் படுத்தார்கள் என்பது மட்டும் தெரியும், அதுவும் நித்திரையில் புலம்பினபடியால் தெரியும். பிரஷாந்தினி பிறந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் பூசிக் கடிதம் போட்டேன். மறுமொழி இல்லை. 'ஜேர்மனியிலை வேறை சோலி போலை' என்று சனம் கதைத்தது. எண்பத்தொன்பதில் நானும் பிள்ளையும் வந்து இறங்கிய மிராபெல் விமான நிலையத்தில், பிள்ளையை அவர் தூக்க முந்தியே கேட்டேன்.

"என்ரை கடிதம் கிடைச்சதோ?"

"கிடைச்சது."

"எங்கை, காட்டுங்கோ."

"இப்ப என்னட்டை இல்லை."

அதோடு முடிந்தது கதை. நான் நம்பவில்லை. ஆறு வருடம் சமைத்துப் போட்டேன், நம்பவில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை.

சரி, வருட முடிவில் வருகிற ஆட்டைத் திவசத்துக்காவது அடிப்போம் என்று புலவர் யோகேந்திரன் அண்ணையிடம் போனேன். பகலில் பக்ரறியில் பெட்டி ஒட்டுகிறவர், பின்னேரம் செத்தவர்களுக்குப் பாட்டு எழுதுகிறவர். இரண்டும் ஒரே பசைதான்.

"தங்கச்சி, அந்த மூண்டு வருசத்துக்கு ஒரு வெண்பா போட்டு மூடிவிடுவம். 'செருமன் திருநாட்டில் சீரோடு வாழ்ந்து' எண்டு எடுப்பம்."

"சீரோடோ? ஆறு பேர் ஒரு அறையிலை கிடந்தவை."

"அப்ப 'நேரோடு' எண்டு போடுவம். ஓசை தட்டாது."

ஓசை தட்டாதாம். எனக்கு உண்மை தட்டக்கூடாது என்றுதானே உங்களுக்கு எழுதினேன். முகாம் மூடின பிறகு அதன் கோப்பெல்லாம் காப்பகத்துக்குப் போனது என்று சொன்னவர் நீங்கள். "ஜேர்மன்காரன் ஒரு துண்டுக் கடதாசியும் எறியமாட்டான், தங்கச்சி" என்று ரெலிபோனில் சொன்னவரும் நீங்கள்.

முதல் தடவை நீங்கள் எழுதிப்போட்டதற்கு என்ன மறுமொழி வந்தது? தங்களிடம் தோலும் கடதாசியும்தான் உண்டு, கல்வெட்டுகள் இல்லை, கல்லுக்கு அரும்பொருட் காட்சிச்சாலையைக் கேட்கவும் என்று! அண்ணை, கல்வெட்டுக்கு விபரம் தேவை என்று நான் சொன்னால், கல்லிலே வெட்டின எழுத்து என்று மொழிபெயர்ப்பதா? எங்கள் அப்புவின் கல்வெட்டில் உங்கள் படம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் கல்லிலேயா இருக்கிறீர்கள்? பதினாறு வருட ஜேர்மனி உங்கள் தமிழைத் தின்றுவிட்டது. அந்தக் காட்சிச்சாலைக்காரரும் பாவம், 'கணேசலிங்கம் என்ற மன்னர் எந்த நூற்றாண்டு' என்று உங்களிடம் கேட்டாராமே.

இரண்டாம் மறுமொழிதான் என் வயிற்றைப் பற்றவைத்தது. முகாமிலிருந்து நானூறு பெட்டி வந்ததாம். எல்லாம் வைக்க இடமில்லையாம். ஆகவே மாதிரிக்கு, கே எழுத்தில் தொடங்குகிற குடும்பப் பெயர்க் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் முறைப்படி அரைத்துவிட்டார்களாம். கணேசலிங்கம் ஜி எழுத்தாம். வருந்துகிறார்களாம்.

மாதிரிக்கு! அரிசிச் சோறா இது, ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையைக் கவிழ்க்க? அன்றைக்கு ரெலிபோனில் நான் கத்தினது உங்களுக்கு இன்னும் காதில் நிற்கும். "இரண்டும் 'க' தானே அண்ணை! எந்தக் 'க'வை வைச்சிருக்கினம், எந்தக் 'க'வை அரைச்சவை எண்டு கேளுங்கோ!" நீங்கள் அதை அப்படியே காப்பகத்தில் இருக்கிற அந்த ஃபிரவ் டிட்மர் என்ற மனுசியிடம் போய்ச் சொன்னீர்களாம். அவ சிரித்துவிட்டு, நீங்கள் நிரப்பின படிவத்தைத் திரும்பப் பார்த்து, பென்சிலால் ஏதோ குறித்தாவாம். சிரிப்போ? என் மனுசனை அரைத்துப்போட்டுச் சிரிப்போ? பென்சிலால் என்ன குறித்தா, இன்று ஒரு தமிழ்ப் பைத்தியம் வந்தது என்றோ?

இதற்குப் பிறகும் அவர்களுடைய புத்தகத்தைத் தமிழில் எழுதி அனுப்ப உங்களுக்குக் கை வந்ததே. எந்தக் காலத்திலோ ஒரு பிரபு தன் பத்திரங்களைக் கோபுரத்தில் பூட்டி வைக்க, அதிலிருந்து வளர்ந்ததாம் காப்பகம். பிறகு கன்னியர் மடத்துக்குப் போனதாம். அவர்களுடைய உலகச் சண்டைக் காலத்தில் சனம் வெறுங்காலோடு ஓட, கடதாசி மட்டும் நாற்பது லொறியில் ஏறி உப்புச் சுரங்கத்துக்குப் போய் இருந்துவிட்டுச் சுகமாய்த் திரும்பி வந்ததாம். எங்கள் ஊர்ப் பதிவுகாரர் வீட்டில் ஷெல் விழுந்து பிறப்பு, இறப்பு, கலியாணம் மூன்றும் ஒன்றாய் எரிந்தபோது ஒரு மாட்டு வண்டிகூட வரவில்லை. இப்போது யன்னல் இல்லாத ஏழு மாடிக் கட்டடமாம். பதினெட்டுப் பாகையில் குளிராமல் வேர்க்காமல் வைத்திருக்கிறார்களாம். துருப்பிடிக்கும் என்று கடதாசியில் குத்தின கம்பி ஊசியை ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறார்களாம். பிரபுவின் நாய்களுக்கு இறைச்சி வாங்கின கணக்கு இருநூறு வருடமாய்ப் பத்திரமாம். அதைப் பார்க்க நீங்கள் போனால் பேனாவை வாசலில் வாங்கி வைத்துவிட்டுப் பென்சில் தருவார்களாம், பையும் கொண்டுபோகக் கூடாதாம். இதைப் பெருமையாய் வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணை, ஆறு மனுசருக்கு ஒரு அறை. நாயின் இறைச்சிக் கணக்குக்கு ஏழு மாடி. மனுசன் உயிரோடு நின்றபோது, எப்போது வெளிக்கிடுகிறாய் என்று மாதாமாதம் கேட்பார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் வெளிக்கிட்ட பிறகு அவருடைய கடதாசியையாவது இருக்க விட்டிருக்கலாம். அதையும் ஜி என்று அரைத்துவிட்டார்கள். பேசாமல் அவருடைய கோப்பை என்னிடம் தந்திருந்தால் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருப்பேன். என் தாலிக்கொடிப் பற்றுச்சீட்டு முதல் பிரஷாந்தினியின் பள்ளிக்கூட அறிக்கை வரை அதில்தான் இருக்கிறது. ஏழு மாடியும் வேண்டாம், பிரபுவும் வேண்டாம்.

பிரஷாந்தினி பக்கத்தில் இருந்து, "அம்மா, c'est fini, முடிஞ்சுது, விடுங்கோ" என்கிறாள். பதினொரு வயது. அப்பாவைப் பற்றி வகுப்பில் எழுதச் சொன்னார்களாம், பிரெஞ்சில் அரைப் பக்கம் எழுதிவிட்டு, "ஜேர்மனியிலை அப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டாள். 'நேரோடு வாழ்ந்தார்' என்று சொல்லிவிட்டேன். ஓசை தட்டவில்லை.

ஆகையால் இனி அவர்களுக்கு எழுத வேண்டாம். வெண்பாவைப் போட்டு மூடச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்து அந்த டிட்மர் மனுசியிடம் கொடுங்கள், நாய்க் கணக்குக்குப் பக்கத்தில் வைக்கட்டும். மச்சாளுக்கு என் அன்பு. சின்னவனுக்கு இருமல் மாற, படுக்க முன்னம் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். எல்லாரும் ஆயுள் ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும், முக்கியமாய் நீங்கள், திட்டுவதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
குணேஸ்வரி

பி.கு.: முத்திரை வாங்கத் தெப்பனர் என்கிற மூலைக் கடைக்குப் போக மூன்று நாள் சோம்பல். அதற்குள் உங்கள் இரண்டாவது உறை வந்துவிட்டது. அண்ணை, நான் மேலே எழுதியது ஒன்றையும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அந்த மனுசி பென்சிலால் குறித்தது படிவத்தில் இருந்த தகப்பன் பெயரையாமே. இவர் எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுத, முகாமில் இருந்த கிளாக்கர் கார்த்திகேசுதான் குடும்பப் பெயர் என்று கோப்பில் போட்டிருக்கிறார். கே எழுத்து. அரைபடாமல் தப்பிய 'க'. செத்த மாமாவின் பெயருக்குள் ஒளித்து என் மனுசன் ஏழு மாடியில் இருந்திருக்கிறார்.

முகாமில் அவரை விசாரித்த தாளுக்கு நீங்கள் எழுதிய தமிழை வாசித்தேன். கேள்வி: பிள்ளைகள்? பதில்: 'ஒரு மகள். பிரஷாந்தினி. இன்னும் பார்க்கவில்லை. அத்தாட்சியை இணைத்துள்ளேன். தயவுசெய்து அதைத் திருப்பித் தரவும்.' திருப்பிக் கொடுக்கவில்லை. இணைத்தது என் கடிதம், நீங்கள் வைத்த நகலில் பார்த்தேன். என் கையெழுத்து, என் எழுத்துப்பிழை, 'மூக்கு உங்களைப் போல' என்றதுகூட இருக்கிறது. அடியில் காப்பகக்காரர் குறித்திருக்கிறார்கள்: 'தமிழ்க் கடிதம், ஒரு தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் கறை. காரணம் தெரியவில்லை.'

கிடைத்திருக்கிறது அண்ணை. அவர் சொன்னது உண்மை.

ஃபிரவ் டிட்மருக்குச் சொல்லுங்கள், அது கறை இல்லை, பிள்ளை பிறந்த சந்தோசம், கழுவிப்போட வேண்டாம் என்று. மூலக் கடிதத்தைக் கேட்டு வாங்கவும் வேண்டாம், அங்கேயே அந்தப் பதினெட்டுப் பாகையில் இருக்கட்டும். கோபத்தில் மேலே மறைத்துவிட்டேன், என் பிஸ்கற் ரின் போன கிழமை நிலவறைக் குழாய் வெடித்து நனைந்து அடி இற்றுப்போய்விட்டது, பற்றுச்சீட்டெல்லாம் களி.

வெண்பா வேண்டாம் என்று யோகேந்திரன் அண்ணைக்குச் சொல்லிவிட்டேன், மூன்று நாள் கதைக்க மாட்டார். நாலாம் பக்கத்தில் அந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் வரும். அடித்ததும் ஒரு பிரதி அவர்களுக்கு அனுப்புகிறேன், கே எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். கல்வெட்டுத்தான், ஆனால் கல் இல்லை, கடதாசி என்று முதலே சொல்லிவிடுங்கள்.