பூட்டைத் திறக்கக் காரணம்

அன்புள்ள அண்ணாவுக்கு, தம்பியின் வணக்கம். இங்கு அண்ணியும் பிள்ளைகளும் மற்ற எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் நீங்கள் காலமாகி ஒன்பது மாதம் ஆகிவிட்டதால் எப்படி விசாரிப்பதென்று தெரியவில்லை, மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குழு உருவாக்கும் கணினி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பிலிருந்து நீங்கள் பராமரித்துவந்த பழைய பதிப்புக் கருவியை நீக்குவதென்று குழுவில் முடிவாகிவிட்டது. எந்தக் கோப்பில் யார், எப்போது, ஏன் கைவைத்தார்கள் என்று குறித்துவைக்கப் புதிய கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, இதைச் சீந்துவார் யாருமில்லை என்றார் தலைவர் அம்மா. நீக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, கருவியின் மூலக்கோப்பை அழிக்கப் போனேன். பூட்டியிருக்கிறது என்றது. பூட்டியவர் நீங்கள். எப்போதோ பூட்டிவிட்டு மறந்திருப்பீர்கள் என்று பார்த்தால், பூட்டிய தேதி அன்றைக்கேதான்! அடுத்தவர் பூட்டை உடைக்கிறவர் காரணம் எழுத வேண்டும், அதைக் கருவியே பூட்டியவருக்கு மெயிலில் அனுப்பிவிடும்; நீங்கள் கட்டிக்காத்த சட்டம்தானே. "பழசாகிவிட்டது" என்று எழுதினேன். ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது: "நீயுந்தான்."

பக்கத்து நாற்காலிக்காரரின் குறும்பு என்று சண்டைக்குத் திரும்பினேன். அவர் இரண்டு கையிலும் காபியோடு நின்றிருந்தார். உங்கள் மெயில் கணக்கை மூடியதோ நானேதான். மறுபடி, "யாரும் பயன்படுத்துவதில்லை" என்று எழுதினேன். "நான்?" என்று வந்தது. போதாததற்கு, நான் போன வாரம் எழுதிய நிரலில் உங்கள் பெயரில் இரண்டு திருத்தங்கள், காரணம், "தம்பி அவசரத்தில் விட்டது." திருத்தம் சரியாக வேறு இருந்தது, அதுதான் எரிச்சல்.

அண்ணியிடம் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன்.

"குளியலறைக் கதவையே முக்கா மணி நேரம் திறக்க மாட்டாரு. நீ காரணத்த ஒழுங்கா எழுது, திறப்பாரு" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "அத எடுத்துட்டா, அப்புறம் பதில் எதுவும் வராதில்ல?"

வராது அண்ணி என்றேன்.

ஆகையால் இந்தக் கடிதத்தையே காரணமாக அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாக வேண்டும். அண்ணன் கருவி என்பதால் நான் இழுத்தடிப்பதாகக் குழுவில் பேச்சு. தயவுசெய்து பூட்டை எடுத்துவிடுங்கள், என் மானத்தைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகள் முத்தம் சொல்லச் சொன்னார்கள். எங்கிருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் பேச்சைத் தட்டாத
தம்பி

பி.கு.: அனுப்புமுன் ஒருமுறை பார்த்தேன். பூட்டு திறந்திருக்கிறது. "சரிடா, எடுத்துக்கோ" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அரைமணி நேரம் அழிக்கும் விசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அண்ணா, என்னால் முடியவில்லை. கருவி இந்தப் பதிப்பிலும் இருக்கும் என்று தலைவர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோப்பை உங்கள் பெயரிலேயே மறுபடி பூட்டிவிட்டேன். திறக்காதீர்கள்.