முதல் விலைக்கு மசியாதவர்

பதினொன்று. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். எதற்கு என்று பிறகு தெரியும்.

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸின் கலேவுக்குக் காரோடு கடல் தாண்டுகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. கப்பலா, காரை ஏற்றிக்கொண்டு கடலுக்கடியில் போகும் ரயிலா என்று மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்து, டிக்கெட்டை வாங்கிவிட்டு, பெட்டி கட்டப் போய்விடுவார்கள். இந்த இனம் காலையில் ஒரு விலை பார்க்கும், டீ குடிக்கும்போது ஒரு விலை பார்க்கும், நாயை நடத்திக்கொண்டு போய்வந்து இன்னொரு விலை பார்க்கும். காரின் கூரைப் பெட்டியைக் கழற்றினால் ரயிலில் குறையுமா என்று ஏணி போட்டு உயரம் அளக்கும். போவதற்கு மட்டும் எடுக்கும் டிக்கெட்டைவிட ஒரே நாளில் போய்த் திரும்பும் டிக்கெட் மலிவு என்று கண்டுபிடித்து, இது என்ன அக்கிரமம் என்று வீட்டுச் சமையலறையில் கண்டனக் கூட்டம் நடத்தும். வாங்குமா? வாங்காது.

டோவருக்குப் பக்கத்தில் ஃபோக்ஸ்டனில் இருக்கும் நார்மன் டாப்செல் இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஆள். முப்பது வருடம் பஸ் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர். நிர்வாகம் நீட்டும் முதல் தொகைக்குத் தலையாட்டாதே என்று ஊரெல்லாம் துண்டறிக்கை கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு எதிரே உட்கார நிர்வாகம் இல்லை. கப்பல் கம்பெனி அகப்பட்டது. மாதக் கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. கம்பெனிக்குத்தான் அது தெரியாது.

இந்தத் தடவை விஷயம் பெரியது. அவர் மனைவி பெரிலின் தங்கை மகள் ஓடீலுக்கு, பிரான்ஸில், கலேயிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் இருக்கும் செயின்ட் ஓமேரில் கல்யாணம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நகர மன்றத்தில், மேயர் முன்னால். சாட்சிக் கையெழுத்து பெரியம்மாதான் போட வேண்டும் என்று அந்தப் பெண் போனில் கேட்டபோது, பெரில் பேச முடியாமல் போனை நார்மன் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளை இல்லாத வீடு அது. ஒவ்வொரு கோடையிலும் ஓடீல் ஓடி விளையாடிய வீடு. மறுநாளே பெரில் கடைக்குப் போய் ஒரு நல்ல மைப்பேனா வாங்கிவந்தார்.

நார்மன் பிப்ரவரியில் ரயிலுக்கு நல்ல விலை பார்த்தார். முதல் விலையாயிற்றே, தொடவில்லை. ஏப்ரலில் ஏறியது. பயமுறுத்திப் பார்க்கிறார்கள் என்றார். மே மாதம் இன்னும் ஏறியது. கடைசியில் வெள்ளிக்கிழமை மதியக் கப்பலுக்கு, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற டிக்கெட்டாகப் பார்த்து எடுத்தார். பெரில் பெருமூச்சு விட்டுத் தொப்பியைப் பெட்டியில் வைத்தார்.

மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டை இந்த இனத்திடம் கொடுப்பது, சிரங்கு பிடித்தவன் கையில் சீப்பைக் கொடுப்பது மாதிரி. வியாழக்கிழமை பார்த்தால், சனிக்கிழமை காலை ஏழு மணிக் கப்பல் குறைவு. மாற்றிவிட்டார்.

"சரியான நேரத்துக்குப் போயிருவோமா நார்மன்?"

"எட்டரைக்குக் கரை. பத்துக்குக் கல்யாணம். நடந்தே போகலாம்."

பெரில் தலையாட்டிவிட்டார். முப்பது வருடம் ஆயிரம் பேரை நம்பவைத்த குரல் அது.

கப்பலில் நார்மன் முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ், பொரித்த ரொட்டி என்று தட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பிரான்ஸ் கரை தெரிந்தது. பெரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நார்மன், அங்க இப்ப மணி என்ன?"

முள்கரண்டி பாதியில் நின்றது. பிரான்ஸில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இதைத் தன் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போகும் ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்து வகுப்பு எடுத்தவர் நார்மன்தான். கரை சேரும் நேரம் ஒன்பதரை என்று டிக்கெட்டிலும் போட்டுத்தான் இருந்தது. விலைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தது. விலையைப் பார்க்கிற கண் வேறு எதைப் பார்க்கும்?

நார்மன் ஓடிப்போய், எங்கள் காரை முதலில் இறக்கிவிடுங்கள், கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்கள் என்று பணிப்பெண்ணிடம் மன்றாடினார்.

"கப்பல் வேகமாப் போகணும்னா நீங்க இறங்கித்தான் தள்ளணும் பெரியவரே," என்றாள் அவள்.

அவர்கள் செயின்ட் ஓமேர் போய்ச் சேர்ந்தபோது, நகர மன்றப் படியில் மணமக்கள் மேல் தூவிய அரிசியைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. அடுத்த ஜோடி வாசலில் நின்றதால் மேயர் காத்திருக்க மறுத்துவிட்டாராம். ஓடீல் அழுதபடி கட்டிக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்தை மாப்பிள்ளையின் பல் டாக்டர் போட்டிருந்தார். பெரில் கைப்பையிலிருந்து புதுப் பேனாவை எடுத்து அந்த மனிதரிடமே கொடுத்துவிட்டார். வேறென்ன செய்வது அதை வைத்துக்கொண்டு?

விருந்தில் பாலாடைக்கட்டி வரும் வரைக்கும் நார்மன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெரிலின் அண்ணன் ரெஜ், தான் ரயிலில் வந்ததாகவும், முதலில் சொன்ன விலையையே கொடுத்ததாகவும் சொன்னார். நார்மன் முகத்தில் சட்டென்று விளக்கு எரிந்தது.

"அடப்பாவி, ஏமாந்துட்டியே. நான் வியாழக்கிழமை..."

பெரில் நாப்கினை மடித்து வைத்தார்.

"சொல்லு நார்மன். எவ்வளவு மிச்சம் பண்ணினேன்னு எழுந்து நின்னு சொல்லு. பல் டாக்டருக்கும் கேக்கட்டும்."

சிரிக்கிறீர்களா? இருங்கள். இவ்வளவு படித்ததில், விலை குறைந்த அந்த ஏழு மணிக் கப்பல் எந்தக் கம்பெனி என்று ஒரு நொடியாவது கேட்கத் தோன்றியதா? அப்படியானால் நீங்களும் நம்ம சங்கத்து ஆள்தான். சந்தாவைக் கட்டுங்கள். அதில் தள்ளுபடி கேட்காதீர்கள்.

நார்மன் எழுந்து நின்றார்.

பதினொரு பவுண்டு.