நியூயார்க்கில் பள்ளிகொண்டவர்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நல்ல பழக்கம் முப்பது வயதுவரை எனக்குக் கிடையாது. அதுவும் மாமனார் முன்னால் சொல்வதா?

அவர் கரூரில் தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களுடையது காதல் கல்யாணம். மூன்று வருடம் என்னோடு பேசாதவர், மகள் மாசமாக இருக்கிறாள் என்று தொண்ணூற்றேழில் மாமியாருடன், நியூயார்க் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த எடிசனுக்கு வந்து இறங்கினார். "சரிங்க" என்பதைத் தவிர என்னிடம் அவருக்கு வேறு பேச்சு வரவில்லை. ஒரு முறையாவது இவரிடம் பேர் வாங்கிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் ஒரு மியூசியத்தில், எழுநூறு வருஷத்து ஐரோப்பியக் கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து கட்டியிருப்பதாக ஆபீஸில் ஒருவர் சொன்னார். (உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.) மனைவி இடுப்பு வலி என்று வீட்டிலேயே இருந்துவிட, சனிக்கிழமை பெரியவர்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

உயரமான ஜன்னல்கள், வண்ணக் கண்ணாடி. ஒரு மேடையில் ஆளுயரக் கற்சிலை மல்லாந்து படுத்திருந்தது, தலைக்குத் தலையணையோடு. சுற்றிலும் அதே மாதிரி இன்னும் சில. இது என்ன சாமி என்று மாமியார் கேட்டார். பக்கத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். நானாவது, படிப்பதாவது!

"நம்ம ஸ்ரீரங்கம் மாதிரிதாங்க அத்தை. இவங்க ஊர்லயும் சாமி படுத்துக்கும்" என்று அடித்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பக்தியையும் காட்டிவிடுவோமே என்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். தலையைத் திருப்பினால் பக்கத்தில் மாமனாரும் விழுந்து கிடக்கிறார். பின்னால் மாமியார் மண்டி போட்டிருக்கிறார்.

மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மயக்கம் என்று நினைத்து, காவலாளி வாக்கி டாக்கியும் கையுமாக ஓடிவந்தார். சும்மா சாமி கும்பிட்டோம் என்றேன். அவர் தயங்கித் தயங்கி, இது சாமி இல்லை, ஸ்பெயின் பக்கம் ஆண்ட ஒரு பிரபுவின் கல்லறை, சுற்றிப் படுத்திருப்பவர்கள் அவருடைய குடும்பத்தார் என்றார். தாசில்தாருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

திரும்பும்போது மாமனார் கார் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டார். சமாதிக்குப் போய்விட்டு அப்படியே மாசமாக இருக்கிற பெண்ணின் முன்னால் போய் நிற்பதா என்று மாமியார்தான் வழியெல்லாம் புலம்பினார். மனைவியை ஓர் அறைக்குள் உட்காரச் சொல்லிவிட்டு மூவரும் வரிசையாகத் தலைக்குக் குளித்தோம்.

கடைசியாகக் குளித்த நான், மானம் போன துக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் மாமனார் கரூரில் இருக்கும் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு ராஜா சமாதிக்குப் போயிருந்தோம்டா. வர்றவன் பூரா போட்டோ எடுத்துட்டுப் போறான். எத்தனை வருசமாப் படுத்திருக்கிற மனுசன், ஒரு மரியாதை வேண்டாமா? விழுந்து கும்பிட்டது நம்ம மாப்பிள்ளை ஒருத்தர்தான்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு (தலை துவட்டுகிற மாதிரிதான்) நன்றாக அழுதேன்.

அன்று வயிற்றில் இருந்த மகள் இன்றைக்கும் எந்த மியூசியத்துக்குப் போனாலும் வாசலிலேயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், நோ ஃபாலிங்" என்கிறாள். வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து நான் மாப்பிள்ளை ஆனதே அந்தத் தரையில் விழுந்துதான்.